பழைய டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி போர்ட் எதுவுமே எடுக்கவில்லை, பென்டிரைவ் விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது

அச்சுக்கோப்பு (திருவல்லிக்கேணி), திங்கள் காலை 9:50

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் வேலைகள். கடையின் மெயின் சிஸ்டம் 2009ல் அசெம்பிள் பண்ணியது. கோர் 2 டூயோ, ஜி31 சிப்செட் போர்டு, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, 32 பிட்.

சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. கடையை மூடிவிட்டுப் போனேன். இன்று காலை ஆன் செய்தால் யுஎஸ்பி ஒன்றுகூட எடுக்கவில்லை. முன்பக்கம் இரண்டு போர்ட்டிலும் பென்டிரைவ் செருகினால் விளக்கே இல்லை. பின்பக்கம் கீபோர்டு ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் விளக்கு மங்கலாக எரிகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லை. பிரிண்டரும் வரவில்லை. லேன் ஓட்டைக்குக் கீழே இருக்கும் மற்ற இரண்டும் பல வருஷமாகவே வேலை செய்யாது, அதை விட்டுவிட்டேன்.

கீபோர்டும் மவுசும் பழைய வட்ட முனை வகை என்பதால் ஓடுகின்றன. லேன் வழியாக நெட்டும் வருகிறது.

என் பெரிய கவலை டாங்கிள். பேஜ்மேக்கரில் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) தமிழ் அடிக்க நான் வாங்கிய மென்பொருள், பூட்டுக்குச் சாவி மாதிரி கூடவே வந்த யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும். டாங்கிள் எடுக்காததால் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. கார்த்திகை முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை கையில் இருக்கிறது. ஒன்றுக்கு வியாழக்கிழமை புரூஃப் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

தாம்பரம்_மாணவன், திங்கள் காலை 10:15

அண்ணா, முதலில் சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணி, பின்னாடி இருக்கும் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒரு 30 நொடி அமுக்கிப் பிடிங்க. உள்ளே கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிடும். அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. என் பழைய சிஸ்டத்தில் பலமுறை இதுவே போதுமா இருந்தது.

அதுக்கும் சரிவரலைன்னா டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கடைசியில் இருக்கும் யுனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ் பகுதியைப் படம் எடுத்துப் போடுங்க. மஞ்சள் குறி எங்கே இருக்குன்னு பார்க்கணும்.

பெரம்பூர்_ரயிலடி, திங்கள் காலை 10:40

சார், 2009 சிஸ்டத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பெனி கழித்துவிட்ட ஐ3, ஐ5 டெஸ்க்டாப் நிறைய கிடைக்கிறது. ஒன்றை எடுத்துப் போட்டு வேலையைப் பாருங்கள். நேரமும் பணம்தானே.

அச்சுக்கோப்பு, திங்கள் காலை 11:30

தம்பி, நீங்கள் சொன்னபடி செய்தேன். முதல் ஒரு நிமிஷம் பென்டிரைவ் விளக்கு பளிச்சென்று எரிந்தது, திரும்ப மங்கிவிட்டது. டிவைஸ் மேனேஜர் படம் போட்டிருக்கிறேன்.

பெரம்பூர் சார், நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பதினைந்து வருஷ வேலை பேஜ்மேக்கர் 7 கோப்புகளாக இருக்கிறது. எழுத்துருக்கள் எல்லாம் டேப் (TAB), டாம் (TAM) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளின் காலத்தவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து அந்தக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தபோது நான் அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். யூனிகோடுக்கு மாற்றினால் பத்திரிகையின் அமைப்பே கலைந்துவிடுகிறது, ஒவ்வொன்றையும் திரும்பக் கட்ட வேண்டும். டாங்கிளின் டிரைவரும் 64 பிட் விண்டோஸில் ஏறவில்லை, மகளின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருநாள் மாறத்தான் வேண்டும். இந்த வாரம் முடியாது.

ஈயப்பற்று (சிந்தாதிரிப்பேட்டை), திங்கள் மதியம் 1:05

போர்டு சர்வீஸ் பதினெட்டு வருஷமா பண்றேன். அண்ணே, உங்க கடைசிப் பதிவோட ஆரம்பத்திலதான் விஷயமே இருக்கு. கார்டு கழற்றி வெச்சு ஆன் பண்ணினதும் ஒரு நிமிஷம் பளிச்சுன்னு எரிஞ்சு அப்புறம் மங்குச்சுன்னு சொன்னீங்களே, அதைப் பிடிச்சுக்கலாம். டிரைவர் கெட்டா விளக்கு மங்காது.

உங்க படத்தையும் பார்த்தேன். ஜி31 போர்டில் ஐசிஎச்7 சிப் இருக்கும். அதில் மொத்தம் 8 யுஎஸ்பி. அதை நாலு யுனிவர்சல் ஹோஸ்ட் கண்ட்ரோலரும், 2.0 வேகத்துக்கு ஒரே ஒரு என்ஹான்ஸ்டு ஹோஸ்ட் கண்ட்ரோலரும் பார்த்துக்கும். உங்க லிஸ்ட்டில் அஞ்சும் மஞ்சள் குறி இல்லாம வந்திருக்கு. அப்படின்னா சிப் உயிரோட இருக்கு, விண்டோஸுக்கு அது தெரியுது. போர்டு போச்சுன்னு யாராவது சொன்னா இப்போதைக்கு நம்பாதீங்க.

யுஎஸ்பி 2.0 கேபிளில் நாலே ஒயர். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. பென்டிரைவ் விளக்கு 3 வோல்ட்டுக்கே எரிஞ்சிடும். விளக்கு எரியுதுன்னா பவர் சரியா வருதுன்னு அர்த்தமில்லை. அதை மீட்டர் வெச்சுத்தான் பார்க்கணும்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணி, ஸ்விட்ச் போர்டை ஆஃப் பண்ணாம விட்டா, அந்தப் பென்டிரைவ் விளக்கு எரியுதா? ரெண்டு, கடையில் மல்டிமீட்டர் இருக்கா, இல்லை பக்கத்தில் எலக்ட்ரீஷியன்கிட்ட வாங்க முடியுமா?

அச்சுக்கோப்பு, திங்கள் மாலை 4:20

அம்மா, ரொம்ப நன்றி. ஷட்டவுன் செய்த பிறகும் மங்கலாக எரிகிறது. மீட்டர் நாளை காலை கிடைக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மதியம் பொறுக்க முடியாமல் நெட்டில் தேடி, எல்லா டிரைவரையும் தானாகவே புதுப்பிக்கும் என்று போட்டிருந்த ஒரு மென்பொருளை இறக்கி ஓட்டிவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனது. இப்போது என்ஹான்ஸ்டு கண்ட்ரோலர் மேல் மஞ்சள் குறி வந்துவிட்டது. கோட் 10, அதாவது சாதனம் தொடங்க முடியவில்லை என்று காட்டுகிறது.

ஈயப்பற்று, திங்கள் மாலை 5:00

பரவாயில்லை அண்ணே. இனிமே எதையும் ஏத்த வேண்டாம். நீக்கவும் வேண்டாம். விண்டோஸ் பக்கத்தை அப்படியே விட்டுடுங்க. ஹார்டுவேர் சரியானதும் சிஸ்டம் ரீஸ்டோரில் சனிக்கிழமை தேதிக்குப் போயிடலாம். புதுசா டிரைவர் ஏத்தும்போது விண்டோஸ் 7 பெரும்பாலும் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டு வைக்கும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன். யுஎஸ்பி கண்ட்ரோலர் எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி நிறைய இடத்தில் எழுதியிருப்பாங்க. அது நல்ல வழிதான். ஆனா உங்க கீபோர்டும் மவுசும் யுஎஸ்பியா இருந்தா முதல் கண்ட்ரோலரை நீக்கின உடனே ரெண்டும் செத்துடும். அப்புறம் ரீஸ்டார்ட் பண்ண பவர் பட்டனை அமுக்குறதுதான் வழி. வட்ட முனை கீபோர்டு ஒண்ணை முன்கூட்டியே செருகி வெச்சுட்டு இறங்குங்க. அதையும் சிஸ்டம் ஓடும்போது செருகக் கூடாது, ஆஃப் பண்ணிட்டுத்தான்.

அண்ணே, ராத்திரிக்குள்ள ஒரு வேலை. உங்க டிவிடி ரைட்டர் ஓடுதா? பத்திரிகை கோப்புகளை முதல்ல டிவிடியில் எழுதி வெளியே எடுங்க. யுஎஸ்பி இல்லாட்டி கோப்பு எடுக்க முடியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. டிவிடி இருக்கு, லேன் இருக்கு, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேற சிஸ்டத்தில் மாட்டவும் முடியும். எந்த ரிப்பேருக்கும் முன்னாடி கோப்பு வெளியே வந்திருக்கணும். எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறதே அதுதான்.

அப்படியே இன்னொரு காலி டிவிடியில் பப்பி லினக்ஸ் எழுதி வைங்க, விண்டோஸ் இல்லாம டிவிடியிலிருந்தே ஓடுற சின்ன இயங்குதளம் அது. 2 ஜிபி ராமுக்கு அது தாராளம்.

தாம்பரம்_மாணவன், திங்கள் இரவு 8:10

அக்கா, லினக்ஸ் டிவிடி எதுக்கு? பென்டிரைவே எடுக்காத சிஸ்டத்தில் லினக்ஸ் மட்டும் எடுத்துடுமா?

ஈயப்பற்று, திங்கள் இரவு 8:45

எடுக்காதுன்னு தெரிஞ்சா அதுவே பெரிய பதில்தான் தம்பி. ஹார்டு டிஸ்க்கைத் தொடாம, விண்டோஸ் சம்பந்தமே இல்லாம, வேற ஒரு ஆள் வந்து அதே போர்ட்டைப் பார்க்குற மாதிரி. லினக்ஸிலும் எடுக்கலைன்னா டிரைவர், வைரஸ், அப்டேட் பேச்சையெல்லாம் மூட்டை கட்டிடலாம். எடுத்துதுன்னா போர்டில் கை வைக்கவே வேண்டாம். அது மட்டுமில்ல, விண்டோஸ் மாதிரி சும்மா இருக்காம என்ன கோளாறுன்னு வாயைத் திறந்து சொல்லும். டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்தா, எர்ரர் மைனஸ் 71னு வந்தா பெரும்பாலும் கேபிள் அல்லது டேட்டா லைன் கோளாறு. மைனஸ் 110ன்னா கேட்ட கேள்விக்குப் பதில் வரலை, நேரம் கடந்துடுச்சு. ஓவர்-கரண்ட்னு வந்தா எங்கேயோ ஷார்ட்.

நங்கநல்லூர்_தாத்தா, செவ்வாய் காலை 7:15

வணக்கம். டெலிபோன் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றவன். அம்மா சொல்வதெல்லாம் முறையான வழி. நான் கேட்பது வேறு. அச்சுக்கோப்பு அவர்களே, லேன் பக்கத்து இரண்டு போர்ட்டும் பல வருடமாக வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போயின? சிஸ்டத்தின் இரும்புப் பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா?

அச்சுக்கோப்பு, செவ்வாய் காலை 9:30

ஐயா, ஆமாம். தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பழகிவிட்டது. அந்த இரண்டும் ஒரு முறை பிரிண்டர் கேபிளைச் செருகும்போது சின்னதாகப் பொறி பறந்தது, அன்றோடு போனது. ஏழெட்டு வருஷம் இருக்கும்.

கோப்புகள் மூன்று டிவிடியில் வந்துவிட்டன. எழுதியதைத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

நங்கநல்லூர்_தாத்தா, செவ்வாய் காலை 10:05

நினைத்தேன். உங்கள் கடையில் எர்த் இல்லை. அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையின், வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து பெட்டிக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. பெட்டி எர்த்தில் இணைந்திருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி அந்தரத்தில் நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் அளவுக்குப் பெட்டியில் ஏறி நிற்கும். உங்கள் விரலில் ஊர்வது அதுதான். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் எர்த் ஆன ஒரு பிரிண்டரின் கேபிளைச் செருகும் கணத்தில் அந்த வித்தியாசம் முழுவதும் யுஎஸ்பி முனை வழியாகப் பாயப் பார்க்கும். கிரவுண்ட் தகடு முதலில் தொட்டால் தப்பித்தோம். கை சாய்ந்து டேட்டா கம்பி பட்டால் சிப்பின் அந்தக் கால் போயிற்று.

நம் ஊரில் பழைய கட்டடங்களில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ் நியூட்ரல் 230, பேஸ் எர்த் அதே 230, நியூட்ரல் எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நீங்களே சாக்கெட்டில் மீட்டர் முனை விட வேண்டாம்.

கடலோரம் (திருவான்மியூர்), செவ்வாய் காலை 11:20

எர்த் விஷயம் முழுக்க உண்மை. அதோடு எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. முன்பக்க யுஎஸ்பியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு. முன் போர்ட் எப்போதும் திறந்தே இருக்கும், உப்புக்காற்று நேராக உள்ளே போகும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் செம்பு முனைகளில் பச்சைப் பாசி மாதிரிப் பூத்துவிடும். எனக்கு இரண்டு சிஸ்டம் அப்படித்தான் படுத்தியது. திருவல்லிக்கேணிக்கும் மெரினா எட்டிப் பிடிக்கும் தூரம்தானே.

பெரம்பூர்_ரயிலடி, செவ்வாய் மதியம் 12:10

கோப்பு மாற்றும் சிரமம் எனக்குத் தெரியாது, புதிதாக வாங்கச் சொன்னதை விட்டுவிடுங்கள் சார். ஆனால் கழித்துவிட்ட டெஸ்க்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இழைக்குப் பொருத்தம்தான். நான் அப்படி ஒன்று வாங்கினேன். மவுஸ், கீபோர்டு எல்லாம் யுஎஸ்பியில் ஓடும், பென்டிரைவ் மட்டும் எந்தப் போர்ட்டிலும் வராது. மூன்று நாள் போர்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அந்த அலுவலகத்தில் தகவல் வெளியே போகக் கூடாது என்று ரெஜிஸ்ட்ரியில் பூட்டியிருந்தார்கள். கரண்ட் கண்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் யுஎஸ்பிஸ்டோர் என்ற இடத்தில் ஸ்டார்ட் என்பதன் மதிப்பு 4 என்று இருந்தது. 4 என்றால் முடக்கம். 3 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது.

ஈயப்பற்று, செவ்வாய் மதியம் 12:30

பெரம்பூர் சார் சொன்னது அருமையான அடையாளம். மவுஸ் ஓடி பென்டிரைவ் மட்டும் வரலைன்னா அங்கேதான் பார்க்கணும். கூடவே டிஸ்க் மேனேஜ்மெண்டையும் திறங்க, பென்டிரைவ் வந்திருக்கும், டிரைவ் எழுத்து மட்டும் கிடைக்காம நிக்கும். அச்சுக்கோப்பு அண்ணனுக்குப் பிரிண்டர், டாங்கிள் எதுவுமே வரலை, அதனால இது அவர் கேஸ் இல்லை.

அண்ணே, மீட்டர் வந்ததா? முதலில் பப்பி லினக்ஸில் பாருங்க. அப்புறம் ஒரு பழைய யுஎஸ்பி கேபிளை வெட்டி சிவப்பு, கருப்பு ஒயரை மட்டும் உரிச்சு, ரெண்டும் ஒண்ணோடு ஒண்ணு படாம இன்சுலேஷன் டேப் சுத்தி, மங்கலா எரியுற போர்ட்டில் செருகி டிசி வோல்ட் அளந்து சொல்லுங்க. 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருந்தா நல்லது.

அச்சுக்கோப்பு, செவ்வாய் மாலை 6:40

லினக்ஸிலும் எடுக்கவில்லை. டிமெசேஜ் கொடுத்தேன். ஓவர்-கரண்ட் கண்டிஷன் ஆன் போர்ட் 1, பிறகு போர்ட் 2 என்று வரிவரியாக ஓடுகிறது. படம் போட்டிருக்கிறேன்.

மீட்டரில் மங்கலான ஜோடி 3.7 வோல்ட். லேன் பக்கத்து ஜோடி 4.96. முன்பக்கம் கேபிள் முனை உள்ளேயே போகவில்லை, அளக்க முடியவில்லை.

ஈயப்பற்று, செவ்வாய் இரவு 7:15

பாதிக் கிணறு தாண்டிட்டோம்.

போர்டில் யுஎஸ்பிக்குப் போற 5 வோல்ட் வழியில் பாலிஃபியூஸ்னு ஒண்ணு இருக்கும். பச்சை அல்லது கருப்பு நிறத்தில் சின்னச் செங்கல் மாதிரி. சாதா ஃபியூஸ் மாதிரி எரிஞ்சு போகாது. கரண்ட் அதிகமா இழுத்தா சூடாகி, தடை ஏறி, ஓட்டத்தைக் குறைச்சுடும். ஆறினதும் திரும்பி வரும். நீங்க கார்டைக் கழற்றி வெச்சுட்டு ஆன் பண்ணினப்போ முதல் நிமிஷம் பளிச்சுன்னு எரிஞ்சது அதனாலதான். ஆறியிருந்தது, திரும்பச் சூடாச்சு.

ஒரு ஃபியூஸ் ஒரு போர்ட்டுக்கு மட்டும்னு இல்லை. செலவைக் குறைக்க ரெண்டு மூணு போர்ட்டைச் சேர்த்து ஒண்ணில் மாட்டியிருப்பாங்க. உங்க போர்டில் முன்பக்க கேபிள் செருகுற ஹெடரும் (பின் வரிசை) பின்பக்க அந்த ஜோடியும் ஒரே ஃபியூஸ்ல இருக்கணும். முன்னாடி எங்கேயோ கசியுது, பின்னாடி வோல்ட் 3.7க்கு இறங்குது. வோல்ட் இறங்கினதை சிப்போட ஓவர்-கரண்ட் கால் பார்த்து, ஷார்ட்னு முடிவு பண்ணி, போர்ட்டையே மூடிடுது. பாதுகாப்புக்காக மூடியிருக்கு, கெட்டுப்போகலை.

இப்போ செய்ய வேண்டியது: சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, கார்டைக் கழற்றி, பக்கக் கதவைத் திறங்க. முன்பக்க யுஎஸ்பியிலிருந்து வர்ற கேபிள் போர்டின் அடி ஓரத்தில் ஒரு 9 பின் ஹெடரில் செருகியிருக்கும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் அஞ்சஞ்சு, ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. அந்தக் கேபிளை மட்டும் உருவிட்டு, அரை மணி நேரம் ஆற விட்டு, ஆன் பண்ணி அளந்து சொல்லுங்க. பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி கையால ஜன்னல் கம்பியையோ தண்ணிக் குழாயையோ ஒருதரம் தொட்டுக்குங்க. உங்க கடையில் எர்த் இல்லை, அதனால கார்டு கழன்றிருக்கணும், மறக்காதீங்க.

அச்சுக்கோப்பு, செவ்வாய் இரவு 9:30

4.86 வோல்ட்! லினக்ஸில் பென்டிரைவ் திறந்துவிட்டது. டாங்கிளையும் லினக்ஸ் பட்டியலில் காட்டுகிறது. என்ன சொல்வதென்றே தெரியவில்லை அம்மா.

முன்பக்கப் பலகையைக் கழற்றினேன். கடலோரம் சொன்னது அப்படியே. பச்சைப் பூப்பு. ஒரு போர்ட்டின் உள்ளே இருக்கும் வெள்ளை நாக்கு உடைந்து, கம்பி ஒன்று வளைந்து வெளித்தகட்டைத் தொடுவது மாதிரி நிற்கிறது. வாடிக்கையாளர்கள் ஆளாளுக்குப் பென்டிரைவைத் தலைகீழாக அழுத்திச் செருகுவார்கள். தடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கடலோரம், செவ்வாய் இரவு 10:00

மனசு நிறைந்தது. மற்ற முனைகளைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். தண்ணீர் கலந்த எதையும் போட வேண்டாம். முன்பலகையைத் திரும்ப மாட்டாதீர்கள்.

ஈயப்பற்று, புதன் காலை 8:20

இனி விண்டோஸ். அக்சசரீஸ், சிஸ்டம் டூல்ஸ், அதில் சிஸ்டம் ரீஸ்டோர். அந்த மென்பொருள் ஏத்தினதுக்கு முந்தின தேதியை எடுங்க. முடிஞ்சதும் பிரிண்டர், டாங்கிள் ரெண்டையும் கழற்றிட்டே முதல் தரம் ஆன் பண்ணி, அப்புறம் ஒவ்வொண்ணா செருகுங்க. டாங்கிளை முதல்ல.

லேன் பக்கத்து ஜோடிக்கு ஆசைப்படாதீங்க. 4.96 வோல்ட் வந்தும் எடுக்கலைன்னா டேட்டா லைன்தான். உறுதியாத் தெரியணும்னா கார்டைக் கழற்றிட்டு மீட்டரை டயோடு நிலையில் வைங்க. சிவப்பு முனை பெட்டி இரும்பில், கருப்பு முனை வெட்டின கேபிளோட பச்சையில் ஒரு தரம், வெள்ளையில் ஒரு தரம். நல்ல போர்ட்டில் ரெண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும். ஒண்ணு பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தா உள்ளே ஷார்ட், ஓஎல்னு வந்தா வழி அறுந்திருக்கு.

அச்சுக்கோப்பு, புதன் மதியம் 2:45

ரீஸ்டோர் ஆகிவிட்டது. கோட் 10 போய்விட்டது. டாங்கிள் எடுத்தது. பேஜ்மேக்கரில் முதல் வரி அடித்தபோது கை நடுங்கியது.

டயோடு அளவும் எடுத்தேன். நல்ல ஜோடியில் 0.52, 0.53. லேன் பக்கத்தில் ஒரு போர்ட்டில் 0.52, ஓஎல். மற்றதில் 0.02, 0.51. தாத்தா சொன்ன அந்தப் பொறிதான்.

எலக்ட்ரீஷியன் வந்தார். நியூட்ரல் எர்த் அளந்தால் மீட்டர் நிலையே இல்லாமல் அலைகிறது, ஓட்டைக்குப் பின்னால் கம்பி இல்லை. மீட்டர் போர்டிலிருந்து தனி எர்த் கம்பி இழுக்கச் சொல்லிவிட்டேன். கட்டட உரிமையாளரும் சம்மதித்தார்.

ஒரு சந்தேகம். இருப்பதே இரண்டு போர்ட். டாங்கிளுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று போய்விடும். பென்டிரைவுக்கு என்ன செய்வது? ஹப் போடலாமா?

ஈயப்பற்று, புதன் மாலை 3:30

தனி அடாப்டர் வெச்ச ஹப்னா போடலாம். அடாப்டர் இல்லாத ஹப் வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு கொடுக்குறது 500 மில்லி ஆம்பியர்தான், உங்க ஃபியூஸ் ஒருதரம் சூடானது, தடை பழைய அளவுக்கு முழுசா இறங்காது. டாங்கிளை ஹப்பில் மாட்டாதீங்க, அது நேரா போர்டில் இருக்கட்டும்.

அதைவிட நல்ல வழி பின்பக்க பிராக்கெட். ரெண்டு போர்ட்டும் 9 பின் கேபிளும் சேர்ந்து வரும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. நீங்க உருவின ஹெடரில் மாட்டாதீங்க. பக்கத்தில் இன்னொரு ஹெடர் காலியா இருக்கும், அது வேற ஃபியூஸா இருக்க வாய்ப்பு இருக்கு. மாட்டும் முன்னாடி பின் இல்லாத மூலையும் கேபிளில் அடைபட்ட ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கான்னு பாருங்க. சில மலிவு கேபிளில் ஓட்டை அடைச்சிருக்காது, திருப்பிச் செருகிட்டா 5 வோல்ட் கிரவுண்டில் போய் உக்காரும். சிவப்பு ஒயர்கள் பின் இல்லாத மூலைக்கு எதிர்முனையில் வரணும்.

தாம்பரம்_மாணவன், புதன் மாலை 4:00

அக்கா, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் யுஎஸ்பி 3.0 கார்டு போடலாமா? ஜி31 போர்டில் சின்ன ஸ்லாட் ஒண்ணு இருக்குமே.

ஈயப்பற்று, புதன் மாலை 4:25

போடலாம் தம்பி, ஓடும். ஆனா விண்டோஸ் 7ல் யுஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வராது, தனியா ஏத்தணும். அண்ணன் இப்பத்தான் ஒரு டிரைவர் சிக்கலிலிருந்து வெளியே வந்திருக்கார். முகூர்த்தம் முடியட்டும்.

அச்சுக்கோப்பு, வியாழன் இரவு 8:50

பிராக்கெட் மாட்டிவிட்டேன், காலி ஹெடரில். 4.93 வோல்ட். எர்த் கம்பி காலையிலேயே வந்துவிட்டது, பெட்டியைத் தொட்டால் எதுவும் ஊரவில்லை. இத்தனை வருஷம் ஊர்ந்ததை இப்போதுதான் உணர்கிறேன். வாடிக்கையாளர் பென்டிரைவை இனி நானே வாங்கிச் செருகுகிறேன்.

அம்மா, தாத்தா, கடலோரம், பெரம்பூர் சார், தாம்பரம் தம்பி, ஐந்து பேருக்கும் கடை சார்பாக நன்றி. பழைய கோப்புகளில் அடிக்கடி கேட்கும் வடிவமைப்புகளை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பிக்கிறேன், வாரத்துக்கு இரண்டு.

மாப்பிள்ளை வீட்டார் மாலையில் வந்து புரூஃப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு விட்டுப்போயிருந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே சேர்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.